1981 ஸ்வீனி டாட்லர் பக்கம்: பேக்ஸண்டேலா, வேறு ஆளா?

மார்ச் 3

கேள்வி கேட்டவர் எழுதியது அப்படியே: "இணைப்பில் இருக்கும் பக்கம் 1981-ல் வந்த 'வூப்பி' இதழிலிருந்து எடுத்தது. ஸ்வீனி டாட்லர். கோட்டின் வேகம், முண்டியடிக்கும் கூட்டம், ஓரத்தில் இருக்கும் கிறுக்கல் எல்லாவற்றையும் பார்த்தால் லியோ பேக்ஸண்டேல் வரைந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சரிதானே?"

சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். ஸ்வீனி என்ற சேட்டைக்காரக் குழந்தையை 1973-ல் 'ஷிவர் அண்ட் ஷேக்' என்ற பிரிட்டிஷ் சிறுவர் காமிக்ஸ் இதழுக்கு உருவாக்கியவர் பேக்ஸண்டேல்தான். ஆனால் 1975-ல் அவர் வாராந்தர காமிக்ஸ் வேலையையே விட்டுவிட்டார். 1981 என்றால் என் ஓட்டு, அவருக்குப் பிறகு ஸ்வீனியை வரைந்த டாம் பேட்டர்ஸனுக்கு. ஸ்கேன் ரொம்ப மங்கல். கடைசி வரிசைக் கட்டங்களை மட்டும் பெரிதாக எடுத்துப் போடுங்கள்.

மார்ச் 4, காலை

நேற்றைய பதிலில் ஒரு ஓட்டை. அவர் 1975-ல் போய்விட்டார், ஆகவே 1981 பக்கம் அவருடையதல்ல என்றேன். முடிவு சரியாக இருக்கலாம், காரணம் செல்லாது. லண்டனில் 'வூப்பி'யை வெளியிட்ட ஐ.பி.சி. நிறுவனம் பழைய பக்கங்களைத் தூசி தட்டி மறுபடி மறுபடி அச்சிட்டது. ஆள் போனாலும் பக்கம் போகாது. 'பீனோ', 'டான்டி' இதழ்களை வெளியிட்ட, ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்து டி.சி. தாம்ஸன் நிறுவனமும் இதில் சளைத்ததல்ல. அவர்களுடைய ஓவியர் டட்லி வாட்கின்ஸ் 1969-ல் இறந்தார். அவர் வரைந்துகொண்டிருந்த 'ஊர் வுல்லி', 'புரூன்ஸ்' என்ற சித்திரத் தொடர்கள் இரண்டையும் அவர்களுடைய சண்டே போஸ்ட் பத்திரிகை அடுத்த ஏழு வருஷம் பழைய பக்கங்களை வைத்தே ஓட்டியது.

ஆகவே இதழின் தேதி எதையும் நிரூபிக்காது. ஒரு சின்ன உதவி மட்டும் உண்டு: காசு. 1971 பிப்ரவரி 15 அன்று பிரிட்டன் ஷில்லிங் கணக்கை விட்டு, பவுண்டுக்கு நூறு பென்ஸ் என்ற கணக்குக்கு மாறியது. அதற்கு அப்புறம் வந்த இதழில் எந்தப் பையனாவது மிட்டாய்க்காக ஷில்லிங் எண்ணினால் மறுபதிப்பு என்று சந்தேகப்படலாம். பேச்சு பலூனுக்குள் காசை மட்டும் திருத்தி ஒட்டியிருந்தாலும் பிடித்துவிடலாம். ஒட்டிய எழுத்து பக்கத்து எழுத்தைவிடக் கொஞ்சம் தடியாக, கடன் வாங்கிய சட்டை மாதிரி நிற்கும்.

மார்ச் 4, இரவு

"பெயரைப் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லையே, ஏன் போடவில்லை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போடக் கூடாது என்பதுதான் அங்கே வழக்கம். பெயர் தெரிந்தால் போட்டி நிறுவனம் ஆளைத் தூக்கிவிடும். ரசிகர் கடிதம் ஓவியர் பெயருக்கு வரும், பிறகு அவர் கூலி கூட்டிக் கேட்பார். இன்னொன்றும் உண்டு. பாத்திரம் நிறுவனத்தின் சொத்து. ஒருவர் போனால் மறுநாளே இன்னொருவர் அதே முகத்தை வரைய வேண்டும், எட்டு வயசு வாசகனுக்கு ஆள் மாறியதே தெரியக் கூடாது. பேக்ஸண்டேல் பிற்காலத்தில், முன்பு தாம்ஸனுக்காக உருவாக்கிய தன் பாத்திரங்களின் உரிமைக்காக அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டுப் பல வருஷம் மல்லுக்கட்டினார். 1987-ல் கோர்ட்டுக்கு வெளியே சமரசமானது.

யாராவது துணிந்து கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அலுவலகத்தில் வெள்ளை பூசிவிடுவார்கள். ஒருவரும் கையெழுத்துப் போட முடியாது. அதனால்தான் நாம் இப்படி மூக்கையும் முழங்காலையும் அளந்துகொண்டிருக்கிறோம்.

மார்ச் 5

'ஒருவரும் கையெழுத்துப் போட முடியாது' என்று எழுதி அரை நாள்கூட ஆகவில்லை, மூன்று பேர் வாட்கின்ஸின் கையெழுத்தைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன். தாம்ஸன் விதிவிலக்குக் கொடுத்த மிகச் சிலரில் அவர் ஒருவர். 'டான்டி'யில் டெஸ்பரேட் டான், 'பீனோ'வில் லார்ட் ஸ்னூட்டி என்று வீட்டின் பாதித் தூணை அவரே தாங்கினார், அவருக்கு இல்லையென்று சொல்ல முடியுமா? என் வாக்கியத்தில் 'கிட்டத்தட்ட' என்று சேர்த்துப் படியுங்கள்.

மார்ச் 6

இந்த இழையில் என் தகுதி என்ன என்று ஒருவர் குத்தலாகக் கேட்டார். ஒரு தகுதியும் இல்லை, ஒரு நோட்டுதான் இருக்கிறது.

எண்பதுகளில் மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையில் ஒரு லெண்டிங் லைப்ரரி. இங்கிலாந்து வார இதழ்கள் பழைய பேப்பர் கட்டில் எப்படியோ கரை சேர்ந்து, அட்டையில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, ஒரு நாளைக்கு நாலணா என்று வாடகைக்கு வரும். 'பஸ்டர்', 'விஸ்ஸர் அண்ட் சிப்ஸ்', 'வூப்பி', எப்போதாவது 'பீனோ'. ஆங்கிலம் பாதிதான் புரியும். அதனாலேயே படத்தை அவ்வளவு நேரம் பார்த்தோம் போலிருக்கிறது. எனக்கும் அக்காவுக்கும் ஓவியர் பெயர் எதுவும் தெரியாது, நாங்களே வைத்தோம். கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம் பட்டப்பெயர், எதிர்ப்பக்கம் அவர் வரைந்த கதைகள்.

'கொழுக்கட்டை': எல்லார் காலணியும் கொழுக்கட்டை மாதிரி உப்பி, கோடு எங்கேயும் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். இவர் ரெக் பார்லெட் என்று இருபது வருஷம் கழித்துத் தெரிந்தது. 1904-ல் பிறந்தவர், இருபதுகளிலேயே காமிக்ஸில் நுழைந்தவர். நாங்கள் கொழுக்கட்டை என்று கூப்பிட்டபோது எங்கள் தாத்தாவை விட மூத்தவர். மன்னிக்கவும், ஐயா.

'கொப்புளம் மாமா': கென் ரீட். இவரைத் தனியாக எழுத வேண்டும்.

'குப்பைத்தொட்டி': கட்டத்தில் எங்கே இடம் கிடைத்தாலும் ஈ, எலும்பு, உடைந்த பொம்மை, விளம்பரப் பலகை என்று நிரப்புகிறவர். கேள்வி கேட்டவரின் பக்கம் எங்கள் நோட்டில் இவருடைய பேரில்தான் இருக்கிறது.

'பல்லிளிப்பு', 'உருண்டைப் பேய்': இந்த இரண்டில்தான் அசிங்கப்பட்டோம். ரோஜர் த டாட்ஜரின் இளிப்புக்காக முதல் பெயர். ஐ.பி.சி. இதழ்களில் வந்த ஃப்ராங்கி ஸ்டைன் என்ற பூதத்துக்காக இரண்டாவது. இரண்டும் வேறு வேறு நிறுவனம், ஆகவே வேறு வேறு ஆள் என்று நினைத்தோம். இரண்டும் ராபர்ட் நிக்ஸன்! பீனோவில் ரோஜரை வரைந்துகொண்டிருந்தவர் எழுபதுகளில் லண்டன் பக்கம் சாய்ந்து ஃப்ராங்கியை எடுத்தார், பிறகு எண்பதுகளில் மறுபடி பீனோவுக்கே திரும்பினார். ஆள் ரயில் மாறியதை நாங்கள் கவனிக்கவில்லை, நடைமேடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 6, பின்னிரவு

முக்கியமானதைச் சொல்லாமல் விட்டேன். அக்காவின் விதி ஒன்று உண்டு: "மூஞ்சியைப் பார்க்காதே, செருப்பைப் பார்."

அப்போது கேலி செய்தேன். இப்போது யோசித்தால் இந்த வேலைக்கு அதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை. புதிதாக வந்தவரிடம் ஆசிரியர் என்ன சொல்லியிருப்பார்? 'முகம் மாறக் கூடாது, முடி மாறக் கூடாது, பனியன் கோடு மாறக் கூடாது.' அவரும் உயிரைக் கொடுத்து முகத்தைக் காப்பியடிப்பார். காலணிக்கு வரும்போது கவனம் விடுபடும், தன் பழக்கத்துக்குக் கை போய்விடும். காலணி, காதின் உள்மடிப்பு, புகை, தூரத்து மரம், கதவுப் பிடி. யாரும் திருத்தச் சொல்லாத இடங்கள். ஆள் ஒளிந்திருப்பது அங்கேதான்.

மார்ச் 7

ஒருவர் சொல்கிறார், இதை 19-ம் நூற்றாண்டிலேயே ஜியோவான்னி மொரெல்லி என்ற இத்தாலிக்காரர் பெரிய ஓவியங்களுக்குச் செய்துவிட்டாராம். காது மடலையும் விரல் நகத்தையும் வைத்து அசல் ஓவியர் யார், சீடர் யார் என்று பிரித்தவர். உண்மைதான். அவர் காதைப் பார்த்தார், அக்கா செருப்பைப் பார்த்தாள். அவருக்கு ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் கிடைத்தன, அக்காவுக்கு நாலணா லைப்ரரி.

மார்ச் 9

போலி முகம், அசல் செருப்பு என்பது எழுபதுகளில் ஆரம்பித்த கதையில்லை. 'இல்லஸ்ட்ரேட்டட் சிப்ஸ்' என்று இளஞ்சிவப்புத் தாளில் வந்த அரைப்பென்னி இதழில் 1896-ல் டாம் பிரௌன் இரண்டு நாடோடிகளை வரைந்தார். ஒருவன் ஒல்லி, ஒருவன் குண்டு. வியரி வில்லி, டயர்டு டிம். பிரௌன் சில வருஷத்திலேயே விட்டுவிட்டுப் போனார். பிற்பாடு வந்த பெர்ஸி காக்கிங் 1953-ல் இதழ் நிற்கும்வரை பல பத்தாண்டுகள் அந்த இருவரையும் முதல் பக்கத்தில் இழுத்துக்கொண்டு நடந்தார். பெயர் இல்லை. உலகம் நினைவில் வைத்திருப்பது சில வருஷம் வரைந்த பிரௌனைத்தான்.

'ஃபிலிம் ஃபன்' இன்னும் சிக்கல். லாரல்-ஹார்டியை வரைந்தவர் பில் வேக்ஃபீல்டு. 1942-ல் அவர் இறந்ததும் மகன் டெர்ரி வேக்ஃபீல்டு தொடர்ந்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட கை. அங்கே செருப்பும் பரம்பரைச் சொத்து, அக்காவின் விதி பல்லிளிக்கிறது.

ராய் வில்ஸன் கதை வேறு மாதிரி. இருபதுகளில் டான் நியூஹவுஸ் என்ற மூத்தவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். சில வருஷத்தில் சீடன் குருவைத் தாண்டிவிட்டான். முப்பதுகளில் இந்த இதழ்களை வெளியிட்ட அமால்கமேட்டட் பிரஸ் தன் மற்ற ஓவியர்களிடம் வில்ஸன் மாதிரி வரையுங்கள் என்று சொல்லும் நிலைமை. ஆக, முதலில் வில்ஸன் நியூஹவுஸ் மாதிரி வரைந்தார், அப்புறம் ஊரே வில்ஸன் மாதிரி வரைந்தது. அந்தக் காலத்துக் கட்டு ஒன்றைப் பிரித்து இது யார், அது யார் என்று பெயர் குறிக்க ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் கண்ணாடி பவர் ஏறிவிடும்.

இதையெல்லாம் முதலில் ஒழுங்காகப் பட்டியல் போட்டவர்களில் பெரிய பெயர் டென்னிஸ் கிஃபோர்டு. அவரே காமிக்ஸ் வரைந்தவர், மலைபோலச் சேகரித்தவர், 2000-ல் இறந்தார். வயதான ஓவியர்கள் உயிரோடு இருக்கும்போதே தேடிப் போய்ப் பேசியவர். கோடு பார்த்துக் கண்டுபிடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 'ஐயா, இது நீங்கள் வரைந்ததா?' என்று கதவைத் தட்டிக் கேட்பதற்கு ஈடு கிடையாது.

மார்ச் 10

கென் ரீட். சொன்னபடி.

இவருக்கு மட்டும் செருப்பு பார்க்க வேண்டாம், மூஞ்சியே போதும். 1958-ல் பீனோவில் ஆரம்பித்த 'ஜோனா'வை எடுத்துக்கொள்ளுங்கள். கால் வைத்த கப்பலையெல்லாம் மூழ்கடிக்கும் மாலுமி. அவனைக் கண்டதும் மற்ற மாலுமிகள் "ஐயோ, அவன்தான்டா!" என்று அலறும் கட்டத்தைப் பாருங்கள். நாக்கு தனியாக, தொண்டைக்குள் உள்நாக்கு தனியாக, வியர்வை ஒவ்வொன்றும் தனித்தனித் துளியாக, தாடையில் முளைத்த முடியும் கொப்புளமும் எண்ணி எண்ணி. கதாசிரியர் கேட்டதைவிடக் கூடுதலாகக் கட்டம் போட்டு அதையும் நிரப்புவார். பின்னால் 1971-ல் 'ஜெட்' இதழில் 'ஃபேஸேக்' வந்தது, முகத்தைப் பிசைந்து எந்த உருவமாகவும் மாறும் பையன். ரீடுக்கு அல்வா மாதிரி. அது 'பஸ்டர்' இதழுக்கு மாறி, 1987-ல் அவர் இறக்கும்வரை அவர் கையிலேயே இருந்தது.

முன்னே சொன்ன ஃப்ராங்கி ஸ்டைனும் முதலில் இவருடையதுதான், 1964-ல் 'வாம்' இதழில். அந்த இதழே பேக்ஸண்டேல் தாம்ஸனை விட்டு வெளியேறிய பிறகு ஓடம்ஸ் நிறுவனத்துக்காகத் தொடங்கியது. ரீடின் ஃப்ராங்கி பயமுறுத்தும், நிக்ஸனின் ஃப்ராங்கியைக் கன்னத்தைக் கிள்ளலாம். ரீடை நகலெடுக்க நிக்ஸன் முயலவே இல்லை. எழுபதுகளில் அப்படி விட்டுக்கொடுக்காமல் தன் கையையே வைத்தவர் என்பதால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம். (நோட்டில் அவருக்கு இரண்டு பெயர் வைத்த பாவத்துக்கும் இது பரிகாரம்.)

மார்ச் 11

தலைப்பை விட்டு ஒரு நிமிஷம். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியும் இதே லண்டன் கூட்டத்திலிருந்து வந்தவர்தான், 'வேலியன்ட்' இதழிலிருந்து. வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. படிக்கிற வயசில் அந்தப் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்? சிவகாசியில் வரைந்தது என்றே என் மாமா கடைசிவரை நம்பினார். மாயாவி பற்றித் தனி இழை போடுங்கள், இங்கே வேண்டாம்.

மார்ச் 13

அடுத்த ஒப்புதல் வாக்குமூலம். பீனோவின் 'டென்னிஸ் த மெனஸ்' பக்கங்களில் டேவிட் லா எங்கே முடிந்து டேவிட் சதர்லாந்து எங்கே தொடங்குகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என ஒரு காலத்தில் பீற்றிக்கொண்டவன் நான். லா 1951 மார்ச்சில் தொடங்கியவர். அவருடைய டென்னிஸ் எலும்பே இல்லாத பையன் மாதிரி, முட்டி எந்தப் பக்கமும் மடங்கும், பேனா நிப் தாளைக் கீறிக்கொண்டு போகும். 1970-ல் உடல்நலம் கெட்டு நிறுத்தினார், மறுவருஷம் இறந்தார். சதர்லாந்தின் கோடு துவைத்து மடித்த மாதிரி.

இவ்வளவு தெரிந்தும் ஓர் ஆண்டுமலர்ப் பக்கத்தை சதர்லாந்து என்று அடித்துச் சொல்லி ஒரு நண்பரிடம் மசால் தோசை பந்தயம் தோற்றேன். என் வாதம்: மலரின் அட்டையில் போட்ட வருஷம் லா இறந்த பிறகு, ஆகவே அவர் இல்லை. மடத்தனம். ஆண்டுமலர் கிறிஸ்துமஸ் விற்பனைக்காக முந்தின வருஷமே கடைக்கு வந்துவிடும், அட்டையில் மட்டும் வரப்போகும் வருஷம். வரைவது அதற்கும் பல மாதம் முன்னால். வரைந்தவர் போன பிறகும் அவர் பக்கம் புதுசு மாதிரி வந்து நிற்கும்.

மார்ச் 4 காலை இதையேதான் இங்கே உபதேசம் செய்தேன் என்று இப்போது மேலே போய்ப் படித்தால் தெரிகிறது. தோசை தின்ற நண்பர் இந்த இழையைப் படிக்கிறார், சிரிக்க வேண்டாம்.

அதே சதர்லாந்து 1962-லிருந்து 2023-ல் சாகும்வரை பீனோவின் 'பேஷ் ஸ்ட்ரீட்' பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் வரைந்தார். பேக்ஸண்டேல் உருவாக்கிய வகுப்பறை, எட்டு வருஷம்தான் அவரிடம் இருந்தது, அறுபது வருஷம் சதர்லாந்திடம். அப்படிப் பார்த்தால் யாருடைய வகுப்பறை அது? அதே இதழின் சேட்டைக்காரச் சிறுமி மின்னி த மின்க்ஸ் கணக்கும் இதேதான்: பேக்ஸண்டேல் 1953-ல் பெற்றார், ஜிம் பெட்ரி 2001 வரை நாற்பது வருஷம் வளர்த்தார்.

மார்ச் 14

இல்லை, மேலே உள்ள கேள்விக்கு ஓட்டெடுப்பு நடத்த வேண்டாம்.

மார்ச் 15

மார்ச் 4 இரவு பதிவுக்கு ஒரு பின்குறிப்பு. கெவின் ஓ'நீல் பள்ளியை முடித்ததும் 'பஸ்டர்' இதழ் அலுவலகத்தில் எடுபிடியாகச் சேர்ந்த பையன். பிறகு 1977-ல் தொடங்கிய '2000 ஏ.டி.' இதழில், எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் கதையோடு சின்னப் பெட்டி போட்டு அச்சிட வைத்தவர் அவர்தான். பெயர் இல்லாமல் பக்கங்கள் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்த கை. ஆனால் அது சாகச இதழ். நகைச்சுவைப் பக்கம் அந்தக் காற்று வீச இன்னும் நாளானது.

மார்ச் 16

நல்ல ஸ்கேன் வந்துவிட்டது. பதின்மூன்று நாள் கழித்து. நன்றி.

முதலில் வலது கீழ் மூலை. புல்லுக்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டிருக்கிறார். கோடுகள் ஓரிடத்தில் சட்டென்று நின்று, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெற்றிடம், அப்புறம் மறுபடி புல். ஒரு புல்லின் நுனி மட்டும் வெற்றிடத்துக்குள் அந்தரத்தில் நிற்கிறது. கையெழுத்து இருந்து, வெள்ளை பூசிய இடம் இது என்பது என் கணிப்பு. பூசியவருக்கு அன்றைக்கு அவசரம் போல, விளிம்பைக்கூடச் சரி செய்யவில்லை.

அடுத்து காலணி. பேக்ஸண்டேல் காலணி என்று ஒரு கணம் நம்பினேன், ஒப்புக்கொள்கிறேன். பேட்டர்ஸன் அவரைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர், காலணி வரைக்கும் வாங்கியிருக்கிறார். அக்காவின் விதி இங்கேயும் முழுசாகக் கைகொடுக்கவில்லை.

ஆனால் கடைசிக்கு முந்தின கட்டத்தில் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் பாருங்கள். கோடு போட்ட ஒற்றைக் காலுறை, மேலே நாற்றம் காட்ட மூன்று நெளிகோடு. கதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதுதான் பேட்டர்ஸன். அவர் பக்கங்களில் அந்த நாறும் காலுறை எங்கேயாவது கிடக்கும், 1986-ல் பீனோவில் 'கலாமிட்டி ஜேம்ஸ்' ஆரம்பித்த பிறகும். மூலையில் போட்ட பெயரை அழிக்கலாம். காலுறையை அழிக்க எந்த அலுவலகப் பையனுக்கும் தோன்றாது.

கேள்வி கேட்டவருக்கு: பேக்ஸண்டேல் இல்லை. மார்ச் 3-ல் சொன்ன முடிவேதான், இந்தத் தடவை காரணத்தோடு.

மார்ச் 17

ஸ்கேனை அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில்: "காலுறையை நான் அப்பவே நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன், போய்ப் பார்."

பார்த்தேன். 'குப்பைத்தொட்டி' பக்கத்தின் அடியில், பென்சிலில், மூன்று நெளிகோட்டோடு இருக்கிறது. பக்கத்தில் அவள் கையெழுத்தில்: 'இது இருந்தா ஒரு ஆளு, இல்லாட்டி வேற ஆளு.' அதன் குறுக்கே சிவப்பு மையில் பெரிதாக 'தப்பு' என்று எழுதி அடித்தது நான்.